பன்னிரண்டு வருஷம் கழித்து வாசித்த அறிக்கை

முதலாம் நாள், வெள்ளி

கொழும்புக் கோட்டையில் இரவு ஏறியது. கண் முழிக்கும்போது விடிந்து, ரயில் வாழைச்சேனையைத் தாண்டிவிட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கோடை வெள்ளாமை மஞ்சளாக விளைந்து நிற்கிறது. இரண்டு மூன்று வயலில் வெட்டு மெஷின் இறங்கிவிட்டது. கச்சான் காற்று முகத்தில் அடித்ததும் ஊர் வந்துவிட்டது என்று உடம்புக்குத் தெரிந்தது.

வந்தாறுமூலை வரும்போது எழுந்துபோய்க் கதவடியில் நின்றேன். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வளவு இந்தப் பக்கம்தான். 1990இல் சுற்றுவட்டாரச் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து அடைக்கலம் தேடியதும் அந்த வளவுக்குள்தான். இந்த மட்டக்களப்பு மாவட்டத்தில் கம்பஸ் வேறு, சனம் வேறு என்று ஒருகாலும் இருந்ததில்லை. படிக்கும்போது எனக்கு இது விளங்கவில்லை.

ஏன் வந்தேன் என்று சொல்லவேண்டும். நாங்கள் படித்த காலத்தில் சமூக மருத்துவம் படிப்பித்த எங்கள் சேர், நான்கு மாதத்துக்கு முன் பழைய மாணவர் எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். பழைய மாணவர் சங்கக் கடிதம் என்றால் வழக்கமாக ஒரு இராப்போசனம், ஒரு நினைவு மலர், ஒரு வங்கிக் கணக்கு இலக்கம் இருக்கும். இதில் இரண்டே வரி: “காசு வேண்டாம். ஒரு கிழமை தாருங்கள்.” இறுதி வருட மாணவர்கள் கிராமத்து வீடுகளுக்குப் போகிறார்கள், அவர்களோடு கூடப் போங்கள், நீங்கள் மாணவராக இருந்தபோது போன வீடுகளுக்கும் ஒருதரம் போய் வாருங்கள் என்று கீழே பேனையால் எழுதியிருந்தார்.

எங்கள் பட்சில் நான்கு பேர் வந்திருக்கிறோம். ஒருத்தி மெல்போனில் இருந்து, ஒருவன் கல்முனையில் இருந்து, ஒருத்தி யாழ்ப்பாணத்தில் இருந்து, நான். கல்லடிப் பாலத்தடியில் பழைய பாலத்தில் கைவைத்து நின்று தேநீர் குடித்தோம். பிரித்தானியர் காலத்தில் கட்டிய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலம் 2013இல் வந்துவிட்டது. வாகனம் எல்லாம் அதில் போக, பழையது காற்று வாங்குகிற சனத்துக்கென்று ஆகிவிட்டது.

இரவு அறைக்குத் திரும்பும்போது சேர் என் கையில் ஒரு பழைய பைலைத் தந்தார். மேலே என் கையெழுத்து. 2012ஆம் ஆண்டு நான் எழுதிக் கொடுத்த குடும்ப சுகாதார அறிக்கை. துறையின் அலுமாரியில் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. “இதையும் கொண்டுபோ” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள், சனி

இன்று முழுக்க வகுப்பறை. ஆனால் படிப்பித்தது நாங்கள் இல்லை. முப்பது வருஷத்துக்குக் கிட்ட குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்யும் ஒரு மிட்வைப் அக்கா.

இலங்கையின் பொதுச் சுகாதாரத்தைப் பற்றி வெளிநாட்டில் பாடப் புத்தகங்களில் எழுதுகிறார்கள். குறைந்த செலவில் தாய் சேய் மரணத்தைக் குறைத்த நாடு என்று மெல்போன்காரி அங்கே விரிவுரையில் கேட்டிருக்கிறாள். அந்தப் பெருமையின் அடி எங்கே இருக்கிறது என்றால், 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவனை மட்டும் பார்க்காமல், ஒரு எல்லையை வகுத்து, அந்த எல்லைக்குள் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் பொறுப்பெடுப்பது. இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மிட்வைப் எல்லோரும் அந்த எண்ணத்தின் பிள்ளைகள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்ததும் இப்படி வீடு வீடாகப் போன கால்களால்தான்.

அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரி முன்னால் நிற்கிறா. கையில் பதிவேடு. மட்டை கிழிந்து, செலோடேப் ஒட்டி, மூலை மடிந்து கிடக்கிறது. கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் அந்தப் பதிவேட்டுக்குள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் மாசமாக இருக்கிறா, எந்தப் பிள்ளைக்கு நிறை ஏறவில்லை, எந்த வீட்டுக்காரன் குடித்துவிட்டு அடிக்கிறவன் என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்லுவா. கடைசியாகச் சொன்னது பதிவேட்டில் இல்லாதது.

மாணவர்களுக்கு அவ போட்ட சட்டங்கள்: பதாகை கொண்டுவரக் கூடாது. வீட்டுக்காரரைப் படம் எடுக்கக் கூடாது. முற்றத்தில் கதிரை தந்தால் இருக்கவேண்டும், பாய் தந்தால் பாயில் இருக்கவேண்டும், தேத்தண்ணி தந்தால் குடிக்கவேண்டும். “நீங்க குடிக்காட்டி அந்த வீட்டுத் தண்ணி சரியில்ல எண்டு நீங்களே சொன்ன மாதிரிப் போயிரும், புள்ளயள்.”

இந்தக் கிழமை வீடுகளில் இரண்டு வேலை. வழக்கமான குடும்ப விவரம் எடுப்பது ஒன்று. மற்றது தோல் பார்ப்பது. தொழுநோய் மட்டக்களப்பில் இன்னும் கிடக்கிறது. 1995இலேயே இலங்கை தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதுதான் அதற்குப் பொருள். ஆனால் அதற்குப் பிறகும் நாட்டில் வருஷம் வருஷம் ஆயிரத்துக்கு மேல் புது நோயாளிகளைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள், அதில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒழிந்துவிட்டது என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய ஒரு தலைமுறை டொக்டர்மாருக்கு அதைத் தேடிப் பார்க்கும் கண் மங்கிவிட்டது. நானும் அந்தத் தலைமுறை.

மூன்றாம் நாள், ஞாயிறு

காலையில் போக முடியாது. வெள்ளாமை வெட்டுக் காலம், பகலில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். பின்னேரம் மூன்று மணிக்குக் குருக்கள்மடத்துத் துறையடிக்குப் போனோம். மறுகரை அம்பிளாந்துறை. நடுவில் மட்டக்களப்பு வாவி.

வாவியைக் கடக்கும் தட்டையான இரும்புத் தளத்துக்கு இங்கே பாதை என்று பெயர். மோட்டார் சைக்கிள் ஆறேழு, ஒரு முச்சக்கர வண்டி, உரச் சாக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், நாங்கள். மோட்டார் இரைய மெதுவாக நகரும். வெளியூர்க்காரருக்குக் கடலோரம் மட்டும்தான் மட்டக்களப்பு. சூரியன் எழும்பும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. டவுன், ரோட்டு, பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் எழுவான்கரையில். சோறு படுவான்கரையில் விளைகிறது. நாங்கள் படிக்கும்போது மண்முனையிலும் பாதைதான் ஓடியது. 2014இல் அங்கே பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனத்துக்கு டவுன் கிட்ட வந்துவிட்டது. இந்தத் துறையில் இன்னும் பாதைதான். ராவில் பிள்ளைப்பேறு நோவு கண்டால் என்ன செய்வது என்று மாணவி ஒருத்தி கேட்டாள். சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்றா மிட்வைப் அக்கா. அந்தச் சுற்றில் பிறந்த பிள்ளைகளின் பெயரும் அவ பதிவேட்டில் இருக்கிறது.

நான்கு வீடு போனோம். மூன்றில் ஒன்றும் இல்லை. தேத்தண்ணி, பயறு, கதை. நான்காவது வீட்டில் வெள்ளாமை வெட்டிவிட்டு அப்போதுதான் குளித்து வந்த ஒரு பொடியன், வயது இருபதுக்குள். முதுகில், தோள்மூட்டுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறல். சுற்றிலும் தோல் மினுங்க, அந்த இடம் மட்டும் வரண்டு, மயிர் இல்லாமல் இருந்தது. “தேமல் ஐயா” என்றான்.

என்னோடு வந்த மாணவி ஒரு பஞ்சுத் துணுக்கை நூலாகத் திரித்தாள். முதலில் அவன் கண் திறந்திருக்கும்போது கையில் தொட்டுக் காட்டினாள்: இப்படித் தொடுவேன், தொட்ட இடத்தை விரலால் காட்டுங்கள். பிறகு கண்ணை மூடச் சொன்னாள். இடது தோள். காட்டினான். கழுத்து. காட்டினான். முதுகின் கீழ்ப்பக்கம். கையை வளைத்துக் காட்டினான். வெளிறலின் நடுவில் தொட்டாள். அவன் அப்படியே இருந்தான். மறுபடி தொட்டாள். கண்ணை மூடியபடி “தொடுங்களன்” என்றான்.

முற்றத்தில் நின்ற தாயின் முகம் மாறியது. அவனுக்குத் தெரியாதது அவவுக்குத் தெரிந்துவிட்டது.

மாணவி அவசரப்படவில்லை. முழங்கை உட்பக்கத்து எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தடவிப் பார்த்தாள், இரண்டு கையிலும். விரல்களை விரிக்கச் சொல்லி, நடுவில் ஒரு கடதாசி வைத்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தான். நல்ல காலம். பிறகு தாயைப் பார்த்து, “அம்மா, இது நரம்பில வாற ஒரு கிருமி. குளிசை இருக்கு, காசு இல்ல. கை கால் ஒண்டும் பழுதாகேல்ல. செவ்வாய்க்கிழமை நாங்களே கூட்டிக்கொண்டு போறம்” என்றாள். தொழுநோய் என்ற சொல்லைக் கிளினிக்கில் உறுதிப்படுத்திய பிறகு, அவனைத் தனியே வைத்துத்தான் சொல்லவேண்டும் என்று அக்கா சொல்லிக் கொடுத்திருந்தா. அந்தப் பிள்ளை அதைக் காப்பாற்றினாள்.

திரும்பும் பாதையில் யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. என் பையில் அந்தப் பைல் இருந்தது. நான் இன்னும் திறக்கவில்லை.

நான்காம் நாள், திங்கள்

இன்றைக்குத்தான் நான் போன வீடு. ஊர்ப் பெயர் எழுதமாட்டேன், அந்த அம்மாவின் பெயரும் எழுதமாட்டேன். மற்றதை எழுதச் சொன்னவ அவதான். “எழுது மனே, மத்தவனுக்காகுதல் புத்தி வரட்டும்.”

2012 தை மாதத்தில் இருந்து ஆனி வரை மாதம் ஒருதரம் இந்த வீட்டுக்கு வந்தேன். எங்கள் படிப்பில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு குடும்பம் தருவார்கள். அந்தக் குடும்பத்தின் சுகாதாரத்தை அறிந்து, ஆலோசனை சொல்லி, முடிவில் அறிக்கை கொடுக்கவேண்டும். எனக்குத் தந்த வீட்டில் ஒரு பெத்தா (பாட்டி), அவவின் மகள், ஒரு பேரப்பிள்ளை. அறிக்கை இருபத்துமூன்று பக்கம். நல்ல புள்ளி. ஆனியோடு வேலை முடிந்தது. அதற்குப் பிறகு நான் அந்த முற்றத்தை மிதிக்கவில்லை.

வேலியடியில் நின்று கூப்பிட்டேன். பெத்தா குனிந்து வெளியே வந்து கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தா.

“ஆரு மனே?”

“பெத்தா, நான் முந்திக் கம்பஸில இருந்து சைக்கிளில வருவன்...”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றா. “அந்த மெலிஞ்ச பொடியனா? மோர் குடிக்கமாட்டன் எண்டு நிண்டவன்?”

“ஓம் பெத்தா.”

“எங்கள அயத்துப் போனயாக்கும் எண்டு நெனச்சன். வா, வந்து இரி.”

பாய் விரித்தா. இந்த முறை மோர் குடித்தேன். பிறகு பைலை எடுத்து, இதுதான் அப்போது உங்கள் வீட்டைப் பற்றி நான் எழுதியது, வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

“எங்களப் பத்தியா? இவ்வளவத்தையுமா எழுதினநீ?” பெத்தா மகளைக் கூப்பிட்டா. மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தூணோடு சாய்ந்து நின்றா.

அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். இரண்டாம் பக்கத்திலேயே பெத்தா கை உயர்த்தி நிறுத்தினா. நான் எழுதியிருந்தது: “குடும்பத் தலைவர் இல்லை. கணவர் இறந்துவிட்டார்.”

“ஏன், நான் இருந்தன்தானே?”

அடுத்தது கல்வி. “எழுத்தறிவு இல்லாதவர்” என்று எழுதியிருந்தேன். வாசிக்கக் கூச்சமாக இருந்தது, ஆனால் வாசித்தேன். மகளுக்குக் கோபம் வந்தது. “அம்மாட வாயில ஒரு காவியமே கிடக்கு. அம்மன் சடங்கில படிக்கக்கொள்ள ஒரு அடி பிசகினா அம்மாதான் எடுத்துக் குடுக்கிற.” எழுத்தறிவு இல்லை என்பது பிழையில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது பிழை.

குடிநீர் பற்றி: “வளவுக்குள் கிணறு உண்டு. வருடம் முழுவதும் நீர் உள்ளது.” பெத்தா எழுந்தா. என்னையும் எழுப்பி, கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கிணற்றைக் காட்டினா. அடியில் வண்டல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் ஈரம். பக்கத்தில் பவுசர் லொறியில் வரும் தண்ணியைப் பிடிக்கும் நீலப் பீப்பா.

“நீ தையில வந்து ஆனியோட போனநீ மனே. ஆவணிக் கிணத்த நீ காணல்லயே.”

திரும்பி வந்து பாயில் இருந்தோம். பதினான்காம் பக்கம், உடற்பரிசோதனை. குருதி அமுக்கம் எழுதியிருந்தேன், கண் எழுதியிருந்தேன், நாடித் துடிப்பு எழுதியிருந்தேன். பிறகு ஒரு வரி: “தோல்: குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை.”

பெத்தா ஒன்றும் சொல்லவில்லை. வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் இருந்து எடுத்து, பாயில், பைலுக்குப் பக்கத்தில் வைத்தா. சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கி, நிமிராமல் இருந்தன. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. சுண்டு விரல் ஓரத்தில் பழைய சூட்டுத் தழும்பு.

“அண்டைக்கும் இது கிடந்தது மனே. மேல்கையில, காசளவு. நீ பிரசர் பாக்கப் பட்டி கட்டின கைதான்.”

எனக்குப் பேச வரவில்லை. ஆறு மாதம், மாதம் ஒருதரம், அந்தக் கையில் பட்டி கட்டியிருக்கிறேன். பட்டிக்குக் கீழே இருந்திருக்கிறது.

ஏன் பெத்தா சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி, ஆனால் வந்துவிட்டது. அவ கோபிக்கவில்லை. “நீ கேக்கல்ல. அது நோகவுமில்ல, கடிக்கவுமில்ல. நோகாத ஒண்ட ஆரு மனே டாக்குத்தரிட்டச் சொல்ற?”

தொழுநோயைப் பற்றி நான் வாசித்த பக்கங்களை எல்லாம் இந்த ஒரு வாக்கியம் அடக்கிவிட்டது. கிருமி நரம்பைத் தின்கிறது, நரம்பு போனால் நோவு போகிறது, நோவு இல்லாததால் சனம் வருவதில்லை. கிருமி உடம்பில் புகுந்து அடையாளம் தெரிய சராசரியாக ஐந்து வருஷம் எடுக்கும், இருபதும் எடுக்கலாம். பெரும்பாலான உடம்புகள் அதை எதிர்த்து நின்றுவிடும். எதிர்க்க முடியாத உடம்புக்கு 6 மாதம் அல்லது 12 மாதம் குளிசை. குளிசை தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றாது. இவ்வளவு இலேசானது, காலத்துக்குக் கண்டுபிடித்தால். பிந்திக் கண்டுபிடித்தால் கிருமி சாகும், மடங்கிய விரல் மடங்கியபடி இருக்கும்.

பெத்தாவுக்குப் பிந்தித்தான் கண்டார்கள், 2015இல். முதலில் ஒரு தனியார் கிளினிக்கில் படைக்குப் பூசும் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஒருநாள் அடுப்பில் இருந்து சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கி, விரல் வெந்தது தெரியாமல் நின்றிருக்கிறா. தற்செயலாகப் பேரப்பிள்ளையின் நிறை பார்க்க வந்த மிட்வைப் அக்கா அந்தக் கொப்புளத்தைக் கண்டு, இது எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறா. கேட்டது அவதான். 12 மாதம் குளிசை ஒருநாளும் விடாமல் குடித்து முடித்திருக்கிறா பெத்தா. தோல் கறுத்தது, சிறுநீர் சிவப்பாகப் போனது, இரண்டும் மருந்தால் என்று முன்னமே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. மகளையும் பேரப்பிள்ளையையும் பார்த்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

வாவியைப் பார்த்தபடி இரவு இதை எழுதுகிறேன். ஒன்றைத் திட்டமாகச் சொல்லவேண்டும். நான் அந்த அறிக்கையை 2012 ஆனியில், துறைக்குக் கொடுக்குமுதல், பெத்தாவுக்கு ஒருதரம் வாசித்துக் காட்டியிருந்தால், தோல் என்ற வரியில் அவ கையை நீட்டியிருப்பா. இன்றைக்கு நீட்டின மாதிரி. அப்போது விரல் மடங்கியிருக்கவில்லை. எழுதியதை யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களுக்கு வாசித்துக் காட்டுவதை நாங்கள் மரியாதை என்று நினைக்கிறோம், நேரம் இருந்தால் செய்கிற காரியம் என்று வைத்திருக்கிறோம். அது பரிசோதனை. பஞ்சு நூலைப் போல, முழங்கை நரம்பைத் தடவுவதைப் போல, அதுவும் ஒரு பரிசோதனை. நான் செய்யாமல் விட்ட பரிசோதனை.

நாங்கள் பழைய மாணவர் என்று சொல்லிக்கொண்டு பீடத்து வாசலில் படம் எடுக்கிறோம். என்னைப் படிப்பித்த இடங்களில் இந்தப் பாயும் ஒன்று. இந்த வீட்டுக்கும் நான் பழைய மாணவன்தான். இங்கே ஒருவரும் எனக்குக் கடிதம் போடவில்லை, ஏனென்றால் என் விலாசத்தை நான் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

ஐந்தாம் நாள், செவ்வாய்

காலையில் அந்தப் பொடியனையும் தாயையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு, தோல் கிளினிக்குக்கு. உறுதிப்படுத்திவிட்டார்கள். முதல் மாத்திரை அட்டையை அங்கேயே கொடுத்து, முதல் நாள் மருந்தைத் தாதி முன்னால் விழுங்க வைத்தார்கள். தாய் வெளியே வந்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “தம்பி, எங்கயும் கொண்டுபோய் வைக்கமாட்டாங்கள்தானே?”

அந்தப் பயம் எங்கே இருந்து வந்தது என்று இந்த ஊரில் யாரையும் கேட்கத் தேவையில்லை. வாவிக்குள் மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்த தீவு. 1901இல் பிரித்தானியர் கொண்டுவந்த சட்டம் நோயாளரைப் பிரித்து வைக்க அதிகாரம் கொடுத்தது. அதற்கு முன்னமே, 1708இல், ஒல்லாந்தர் கொழும்புக்குக் கிட்ட ஹெந்தலையில் தொழுநோய் ஆஸ்பத்திரி கட்டிவிட்டார்கள். தண்ணி சூழ்ந்த இடத்தில் ஒருவனைக் கொண்டுபோய் விட்டால் கரையில் இருக்கிறவன் என்ன நினைப்பான்? குளிசை வந்து நாற்பது வருஷம் ஆகிறது. குளிசை போன வேகத்தில் பயம் போகவில்லை. “இல்லையம்மா, வீட்டிலயே இருக்கலாம், வேலைக்குப் போகலாம், ஒரே கோப்பையில சாப்பிடலாம்” என்று சொன்னேன். அவ மூன்றுதரம் கேட்டா, மூன்றுதரமும் சொன்னேன்.

பின்னேரம் கல்முனை. எங்கள் தோழன் வீட்டில் அம்பாறை மாவட்டத்தில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் பதினொரு பேர் கூடினார்கள். கடற்கரையோரத்தில் வளர்ந்தவர்கள் அநேகர். 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே ஆகக் கூடிய உயிரை இழந்த மாவட்டம் இது, பத்தாயிரத்துக்கும் மேல். அந்த நாட்களில் முகாம்களில் கிணறு இறைத்து, குளோரின் போட்டு, வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகளுக்கு ஜீவனி கரைத்துக் கொடுத்த பொடியன்மாரில் இரண்டு பேர், அதனாலேயே இந்தப் படிப்புக்கு வந்தோம் என்றார்கள். தெஹியத்தகண்டிப் பக்கம் வேலை செய்கிற ஒருத்தி, காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோயைப் பற்றிச் சொன்னா. அங்கேயும் அதே கதை: இரத்தம் எடுக்க வருகிறார்கள், தண்ணீர் எடுக்க வருகிறார்கள், முடிவு என்ன என்று சொல்ல யாரும் வருவதில்லை என்று விவசாயிகள் சொல்கிறார்களாம்.

மெல்போன்காரி ஒரு மெஷின் வாங்கித் தர யோசித்திருந்தாள். அக்காவை போனில் பிடித்து என்ன வேணும் என்று கேட்டாள். அக்கா உடனே சொன்னா: மெத்தென்ற அடியுள்ள எம்.சி.ஆர். செருப்பு, காலில் சொரணை இல்லாதவர்களுக்கு. முள் குத்தினது தெரியாமல் நடந்து நடந்து புண் வைத்துக்கொள்கிறார்கள், சாதாரணச் செருப்பும் கழன்றுபோவது அவர்களுக்குத் தெரியாது, பின்வார் வேணும், கால் அளவு ஒவ்வொன்றாக நான் எடுத்துத் தாறன். மெல்போன்காரி ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டாள். இரவே பணம் சேர்ந்துவிட்டது. மற்றது, இனிமேல் கிராமத்துக்குப் போகும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பழைய மாணவன் பொறுப்பு. சந்தேகம் வந்தால் ராவில் என்றாலும் போன் எடுக்கலாம். என் பங்குக்கு மூன்று பேர்.

ஆறாம் நாள், புதன்

கடைசிப் பயணம். பாதையில் அதே உரச் சாக்குக்காரர். “என்ன டொக்டர், மறுகாவும் வாறீங்க?” என்றார். ஊருக்குத் தெரிந்துவிட்டது.

பெத்தா வீட்டை இப்போது எடுத்திருப்பது ஞாயிறு அன்று பஞ்சு பிடித்த அதே மாணவி. நான் அவளுக்குப் பின்னால் பாயின் ஓரத்தில் இருந்தேன். பேரப்பிள்ளை இப்போது சாதாரண தரம் படிக்கிற பெரிய பெட்டை. முதல் முறை நான் வந்தபோது கைக்குள் இருந்த குழந்தை மாதிரித்தான் ஞாபகம், மூன்று வயது இருக்கும்.

மாணவி ஒரு மணித்தியாலம் கேட்டாள், எழுதினாள். உள்ளங்கால் வரை பார்த்தாள். எழும்புமுன் கொப்பியைத் திருப்பிவைத்து, எழுதின எல்லாவற்றையும் வாசிக்கத் தொடங்கினாள். தமிழிலேயே எழுதியிருந்தாள். சேர் சம்மதித்திருக்கிறார்.

குடும்பத் தலைவர் என்ற இடத்தில் பெத்தாவின் பெயர் வந்தது. பெத்தா என்னைத் திரும்பிப் பார்த்தா. கிணறு ஆடி, ஆவணி, புரட்டாதியில் வற்றும், பவுசர் கிழமைக்கு இரண்டுதரம் வரும். சரி. வலது கை இரண்டு விரல், காலில் சொரணைக் குறைவு இல்லை, அடுப்பில் பிடிதுணி பாவிக்கிறார். சரி.

“குடிக்கிற தண்ணிய எப்பவும் கொதிக்க வச்சு ஆற வச்சுத்தான் குடிக்கிறாங்க.”

பேரப்பிள்ளை சிரித்துவிட்டாள். பெத்தா அவளை ஒரு பார்வை பார்த்தா. மாணவி பேனையை எடுத்தபடி காத்திருந்தாள்.

“இல்ல புள்ள,” என்றா பெத்தா கடைசியில். “வாறாக்கள் கேட்டா அப்பிடித்தான் சொல்ற. விறகு எங்க கிடக்கு?”

“அப்ப எப்ப பெத்தா கொதிக்க வைக்கிற நீங்க?”

“இவளுக்குக் காய்ச்சல் கண்டா. மழைத் தண்ணி கலங்கி வந்தா. வேற இல்ல.”

மாணவி வரியை வெட்டினாள். வெட்டிய இடத்துக்கு மேலே பெத்தா சொன்னதை அப்படியே எழுதினாள். எழுதி முடித்து அதை மட்டும் ஒருதரம் வாசித்தாள்.

“மறுகா அந்தக் கிணத்துப் பகுதிய வாசி,” என்றா பெத்தா.